இன்டர்நெட் மந்தம் – விதியா? சதியா?

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், கைப்பேசியில் படம் ஓடாமல் சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றால் நமது மக்கள் அதற்குச் சொல்லும் காரணங்கள் நாலே நாலுதான். "டவர் சரியில்லை" என்பார்கள். "மலைப் பக்கம் மேகம் இறங்கியிருக்கிறது" என்பார்கள். "எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள்" என்பார்கள். ஒன்றும் தோன்றாதவர்கள் "நம்ம நேரம்" என்று சொல்லிக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மாதா மாதம் ரொக்கம் கொடுத்து வாங்குகின்ற ஒரு சரக்கு குறைவாக வந்தால் அளந்து பார்க்க வேண்டும், விற்றவனைக் கேட்க வேண்டும் என்கிற எண்ணம் மாத்திரம் வருவதில்லை. பலசரக்குக் கடையில் ஒரு கிலோ துவரம் பருப்பில் ஐம்பது கிராம் குறைந்தால் தராசைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிற அதே மனிதர், இன்டர்நெட் விஷயத்தில் மாத்திரம் சனீஸ்வரன் மேல் பழியைப் போடுகிறார். இன்டர்நெட் கம்பெனியாருக்கு இதைவிடச் சௌகரியமான வாடிக்கைக்காரர் வேறு எந்தத் தேசத்தில் கிடைப்பார் என்று கேட்கின்றோம்.

மேலே சொன்ன காரணங்களில் முதல் மூன்றும் சில சமயங்களில் உண்மையாகவே இருக்கக்கூடும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாவது காரணம் ஒன்று இருக்கின்றது. அதாவது, எல்லாச் சரக்கையும் ஒன்றுபோல் விடாமல், சில தினுசுச் சரக்கை மாத்திரம், அல்லது சில தினுசுச் சந்தாதாரரின் சரக்கை மாத்திரம், கம்பெனியார் வேண்டுமென்றே மெதுவாக விடுவது. இது நமது கற்பனை அல்ல. வெளித் தேசங்களில் கையும் களவுமாகப் பிடிபட்ட காரியம். நமது தேசத்தில் பகிரங்கமாக விளம்பரம் செய்து துவக்கப் பார்த்து, பொது ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகு வாபஸ் வாங்கப்பட்ட காரியம். இப்பொழுது சட்டப்படி கூடாதென்று எழுதி வைக்கப்பட்டிருக்கும் காரியம். எழுதி வைத்தால் போதுமா, காவல் யார் என்பதுதான் கேள்வி.

முதலில் இந்தத் திருகுவேலை எப்படி நடக்கின்றது என்பதை நமது கிராமத்துத் தோழர்களுக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்லுகிறோம். இன்டர்நெட்டில் போகிற எதுவும், கடிதமானாலும் பேச்சானாலும் படமானாலும், சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடைக்கப்பட்டுத்தான் போகின்றது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எங்கிருந்து வருகின்றது, எங்கே போக வேண்டும் என்ற விலாசம் இருக்கும. வழியிலுள்ள யந்திரங்கள் விலாசத்தைப் பார்த்து அடுத்த யந்திரத்துக்குத் தள்ளிவிடும். இவ்வளவுதான் கம்பெனியின் வேலை. ஆனால் விலாசத்தோடு நிற்காமல், பொட்டலத்தைக் கிளறிப் பார்த்து, இது பேச்சு, இது சினிமா, இது இன்ன கம்பெனியின் சரக்கு என்று கண்டுபிடிக்கிற யந்திரங்களும் உண்டு. பொட்டலத்தைப் பூட்டி அனுப்பினாலும், அதன் பருமனையும் வருகிற தாளத்தையும் கொண்டே இன்ன தினுசு என்று ஊகித்துவிடுகின்றன. கண்டுபிடித்த பிறகு ஒன்றை முன்னால் விடலாம், ஒன்றைக் காக்க வைக்கலாம், ஒன்றைக் கீழே போட்டுவிடலாம்.

நமது பக்கத்துக் கண்மாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாயில் தண்ணீர் குறைந்தால் நீர்ப்பாய்ச்சி முறை வைத்து எல்லா வயலுக்கும் விடுகிறான். அதில் யாருக்கும் வருத்தமிருக்க நியாயமில்லை. ஆனால் மடையில் நின்றுகொண்டு, இது பண்ணையார் வயல், இது கூலிக்காரன் வயல், இது எனக்குப் பணம் கொடுத்தவன் வயல் என்று பார்த்து மடைப் பலகையை ஏற்றி இறக்கினால் அவனை ஊர் சும்மா விடுமா? கடைமடைக்காரனுக்குத் தெரிவதெல்லாம் தன் வாய்க்காலில் தண்ணீர் ஊர்ந்து வருகின்றது என்பதுதான். கண்மாயே வற்றிவிட்டதா, மேலே எவனாவது பலகையைச் சொருகிவிட்டானா என்பது அவன் நடந்து போய்ப் பார்த்தாலொழியத் தெரியாது. வயலுக்குக் கரை மேல் நடந்து போய்ப் பார்க்கலாம். இன்டர்நெட் மடைக்குக் கரையே கிடையாது. கம்பெனிக்காரனின் பூட்டிய அறைக்குள்தான் அந்த மடை இருக்கின்றது.

நிற்க, தடுப்பது வேறு, மெதுவாக்குவது வேறு என்பதை வாசகர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். 2018 மே மாதம் 22-ந் தேதி தூத்துக்குடியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்த பிறகு, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. அது சரியா தப்பா என்பது தனி விவாதம். ஆனால் நிறுத்தினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. உத்தரவு இருந்தது. கேள்வி கேட்க முடிந்தது. அதற்கு முன்னால், 2012-ல், "3" முதலிய சினிமாக்களைத் திருட்டுத்தனமாய்ப் பார்ப்பதைத் தடுக்கச் சென்னை ஐகோர்ட்டில் வாங்கிய உத்தரவைக் காட்டி, கம்பெனியார் சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத சரக்குகளும் நிறைந்திருந்த முழுத் தளங்களையே மூடிவிட்டார்கள். குறிப்பிட்ட பக்கத்தைத்தான் மூட வேண்டும், தளம் முழுவதையும் அல்லவென்று கோர்ட்டார் அதே வருஷம் ஜூன் மாதத்தில் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. எலியைப் பிடிக்கச் சொன்னால் வீட்டைக் கொளுத்துகிற புத்தி என்று இதைச் சொல்லலாம். ஆனாலும் கோர்ட்டுக்குப் போக ஒரு காகிதம் இருந்தது. மெதுவாக்குகிறவனோ காகிதம் எதையும் விட்டு வைப்பதில்லை. நிறுத்தினால் ஜனங்கள் ஏன் என்று கேட்பார்கள். மெதுவாக்கினால் ஜனங்களே சலித்துப்போய் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள். ஒருவனை ஊரை விட்டு விரட்டுவதைவிட, அவன் கடைக்குப் போகிற வழியில் மாத்திரம் முள்ளைப் போட்டு வைப்பது எவ்வளவு சாமர்த்தியம்!

இதனால் நஷ்டப்படுகிறவர் யார்? சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கான கட்டுத்துணி நெய்து வெளியூருக்கு அனுப்புகிற சிறு உற்பத்திக்காரர், வாங்குகிறவருக்குச் சரக்கைப் படம் பிடித்துக் காட்ட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் வெளியூர் ஆர்டரை இன்டர்நெட்டில் பிடிக்கப் பார்க்கிறார். பஞ்சாலையில் மூன்று ஷிப்டு ஓடுகிற ஊரில், இராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற பெண் கைப்பேசியில் பரீட்சைக்குப் படிக்கிறாள். வளைகுடா தேசத்தில் வேலை செய்கிற மகன் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். ஜில்லாக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கின்றது. விசாரணைகள் படக் கருவி வழியாகவும் நடக்கின்றன. இவர்களில் எவரும் மடைக்காரனுக்குத் தனியாய்ப் பணம் கொடுக்கக்கூடியவர் அல்ல. பெரிய கடைக்காரன் கொடுப்பான். கொடுத்தவன் கடை கண் மூடித் திறப்பதற்குள் திறக்கும், கொடுக்காதவன் கடையில் சக்கரம் சுற்றும் என்றால், சுற்றுகிற கடையில் எவன் காத்திருப்பான்?

அமெரிக்காவில் 2007-ம் வருஷத்தில் நடந்ததைக் கேளுங்கள். காம்காஸ்ட் என்ற பெரிய கம்பெனியின் சந்தாதாரர் ஒருவர், பழைய காலத்துப் பாட்டுகளை பிட்டாரண்ட் என்ற முறையில் பிறருடன் பகிர்ந்துகொள்ளப் பார்த்தார். போகவில்லை. மற்றவர்களைப்போல் "நம்ம நேரம்" என்று அவர் இருந்துவிடவில்லை. விஷயம் தெரிந்தவராகையால் சோதித்துப் பார்த்தார். இரண்டு பேர் டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒருவன் புகுந்து, இவன் குரலில் அவனிடமும் அவன் குரலில் இவனிடமும் "பேச்சு முடிந்தது, வைத்துவிடு" என்று சொன்னால் எப்படியோ, அப்படியே கம்பெனியின் யந்திரம் போலிச் செய்திகளை நுழைத்து வந்தது தெரிந்தது. அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி ஸ்தாபனத்தார் தாங்களும் சோதித்தார்கள். அவர்கள் அனுப்பிப் பார்த்த சரக்கு என்ன தெரியுமா? பைபிள். வேதப் புஸ்தகமே ஆனாலும் யந்திரம் வழிவிடவில்லை. கர்த்தரும் கம்பெனிக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று நாம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம், நடந்தது அதுதான். கம்பெனியார் முதலில் இல்லவே இல்லை என்று சாதித்தார்கள். பிறகு, தடுக்கவில்லை, தாமதப்படுத்துகிறோம் என்றார்கள். 2008-ல் அந்நாட்டுத் தகவல்தொடர்புக் கமிஷன் இது கூடாதென்று உத்தரவு போட்டது. 2010-ல் கோர்ட்டார், அப்படி உத்தரவு போடக் கமிஷனுக்கு அதிகாரமில்லை என்று அதை ரத்து செய்தார்கள். அன்று முதல் அந்தத் தேசத்தில் நாற்காலி மாறும்போதெல்லாம் விதியும் மாறுகின்றது. 2015-ல் விதி வந்தது, 2017-ல் எடுக்கத் தீர்மானித்தார்கள், 2024-ல் திரும்ப வந்தது, 2025 ஜனவரியில் கோர்ட்டு மறுபடியும் தள்ளிவிட்டது.

நமது தேசத்துக் கதைக்கு வருவோம். 2014 டிசம்பரில் ஏர்டெல் கம்பெனியார் ஒரு திட்டத்தை வெளியிட்டார்கள். இன்டர்நெட்டுக்கென்று பணம் கட்டி வாங்கிய பேக்கில் மற்றதையெல்லாம் செய்துகொள்ளலாம். ஆனால் இன்டர்நெட் வழியாக டெலிபோன் பேச்சுப் பேசினால் அது பேக்கில் சேராது, தனிக் கட்டணம். பேச்சுக்கென்று 75 எம்.பி.க்கு 75 ரூபாயில் தனிப் பேக்கு விற்கவும் யோசனை செய்தார்கள். அரிசி விற்றவன், "இந்த அரிசியைச் சோறாக வடித்தால் ஒரு விலை, தோசைக்கு அரைத்தால் வேறு விலை" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாலைவனத்தில் இருக்கிற மகனிடம் பேசுகிற தாயின் பேச்சின் மேல் தனி வரி. கூச்சல் எழுந்ததும் சில நாட்களுக்குள்ளாகவே திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள்.

2015 மார்ச்சு மாதம் 27-ந் தேதி டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தார் இது விஷயமாய்ப் பொது ஜன அபிப்பிராயம் கேட்டு ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார்கள். சாதாரண மனிதன் படிக்க முடியாத நடையில் அது இருந்தது. அப்படியிருந்தும் வாலிபர்கள் அதை எளிதாக்கி எல்லோருக்கும் சொன்னதன் பலனாய்ப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தச் சமயத்திலேயே, ஏப்ரல் மாதத்தில், ஏர்டெல் ஜீரோ என்று ஒன்று வந்தது. அதாவது, எந்த வியாபாரி கம்பெனிக்குப் பணம் கட்டுகிறானோ அவன் கடைக்குப் போக ஜனங்களுக்குக் கட்டணமில்லை. மற்றக் கடைகளுக்குப் போகக் கட்டணம். பிளிப்கார்ட் இதில் சேரப் பேச்சு நடத்திவிட்டு, எதிர்ப்பைக் கண்டதும் விலகிக்கொண்டது.

பிறகு வந்தது பேஸ்புக்கின் தர்மம். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனியோடு சேர்ந்து, ஏழைகளுக்கு இலவச இன்டர்நெட் என்று துவக்கினார்கள். செப்டம்பரில் அதற்கு பிரீ பேஸிக்ஸ் என்று பேரை மாற்றினார்கள். இலவசமாய்க் கிடைத்தது இன்டர்நெட் அல்ல. பேஸ்புக்கும், பேஸ்புக் போட்ட நிபந்தனைக்கு உட்பட்டு உள்ளே வந்த சில தளங்களும்தான். சத்திரத்தில் சாப்பாடு இலவசம், ஆனால் சத்திரத்துக்காரன் சொல்லுகிற கதையைத் தவிர வேறு எதையும் காதில் வாங்கக் கூடாது என்கிற தர்மம் இது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாய் விளம்பரம் செய்தார்கள். ஒரே அச்சில் வார்த்த கடிதங்களை லட்சக்கணக்கில் ஆணையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் ஓட்டெடுப்பு நடத்துகிறீர்களா என்கிற தோரணையில் ஆணையத்தாரே கடிந்துகொள்ளும்படி ஆயிற்று. 2016 பிப்ரவரி மாதம் 8-ந் தேதி, சரக்கின் தினுசைப் பார்த்துக் கட்டண வித்தியாசம் செய்யக் கூடாது, மீறினால் நாள் ஒன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம் என்று டிராய் விதி செய்தது. இதைக் கண்டு ஆத்திரமடைந்த பேஸ்புக் டைரக்டர் ஒருவர், அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்ததால்தான் இந்தியர்கள் பொருளாதாரத்தில் கெட்டுப்போனார்கள் என்கிற கருத்தில் எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வாய் தவறி வந்ததில்தான் உள்ளே இருப்பது தெரியும்.

இவ்விடத்தில் நமது ஜில்லாவின் சங்கதி ஒன்றை வாலிபத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். நமது இரண்டு ஊர்களும் அந்த நாளில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவை. 1920-களின் கடைசியில் தோழர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள் ஜில்லா போர்டு தலைவராயிருந்தார்கள். தனியார் பஸ் முதலாளிகள் ஆதிதிராவிட மக்களை ஏற்ற மறுத்து வந்த காலம் அது. ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்சு கிடையாது என்று அவர் உத்தரவு போட்டார். பஸ் முதலாளிக்குச் சொந்தம்தான். பெட்ரோல் அவன் காசுதான். ஆனால் ரோடு பொது. லைசென்சு பொது ஜனங்களின் பேரால் கொடுக்கப்படுவது. கட்டணம் கொடுத்தவன் யார், எந்தத் தெரு என்று கேட்கிற அதிகாரம் வண்டி ஓட்டுகிறவனுக்கு இல்லை. "என் கம்பி, என் கோபுரம், என் முதல்" என்று இன்றைக்குச் சொல்லுகிற கம்பெனியாருக்கும் இதே பதில்தான். காற்றலை கம்பெனியாரின் பாட்டன் சொத்தல்ல. சர்க்கார் ஏலம் விட்டு, லைசென்சு கொடுத்து, குறிப்பிட்ட வருஷங்களுக்கு உபயோகிக்க விட்டிருப்பது. கம்பி போவதும் பொதுத் தெருவின் அடியில்தான்.

2016-ம் வருஷத்து விதி கட்டணத்தைப் பற்றியது மாத்திரம். வேகத்தைப் பற்றி டிராய் 2017 நவம்பரில் சிபார்சு செய்து, 2018 ஜூலையில் சர்க்கார் ஒப்புக்கொண்டு, லைசென்சு நிபந்தனையிலும் சேர்த்தார்கள். எந்தச் சரக்கையும் தடுக்கவோ, கெடுக்கவோ, மெதுவாக்கவோ, எதற்கும் விசேஷ வேகம் கொடுக்கவோ கூடாது என்பது அதன் சாரம். அவசரச் சேவை, கோர்ட்டு உத்தரவு, நெரிசல் நேரத்தில் நியாயமான ஒழுங்கு முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. இது நல்ல விதி. பல தேசங்களில் இவ்வளவு தெளிவாய் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆனால் விதி வந்த இரண்டே வருஷத்தில், 2020-ல், வோடபோன் ஐடியா கம்பெனியார் ரெட்எக்ஸ் என்றும், ஏர்டெல் கம்பெனியார் பிளாட்டினம் என்றும், அதிகப் பணம் கட்டுகிறவருக்கு அதிக வேகம், முன்னுரிமை என்று விளம்பரம் செய்தார்கள். இதைப் புரிந்துகொள்ள நமது ஜனங்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. பெரிய கோயில்களில் தர்ம தரிசன வரிசை ஒன்று, சிறப்புத் தரிசன வரிசை ஒன்று என்று கம்பி கட்டி வைத்திருக்கிறார்களே, அதேதான். சிறப்பு வரிசைக்காரன் ஒவ்வொருவன் உள்ளே நுழையும்போதும் தர்ம வரிசை ஒரு அடி பின்னால் போகின்றது. சாமியாவது இரண்டு வரிசைக்கும் ஒரே சாமி என்கிறார்கள். கோபுரத்தின் கொள்ளளவு ஒன்றுதானே? ஒருவனுக்கு முன்னுரிமை என்றால் இன்னொருவனுக்குப் பின்னுரிமை என்றுதானே பொருள்? அந்த வருஷம் ஜூலையில் இத்திட்டங்களை நிறுத்தி வைக்கும்படி டிராய் சொல்லிற்று. வோடபோன் ஐடியா கம்பெனியார் டிரிப்யூனலுக்குப் போய் இடைக்காலச் சகாயம் பெற்றார்கள். ஆகஸ்டில், இந்த விளம்பரம் தெளிவில்லாதது, ஜனங்களை ஏமாற்றக்கூடியது, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று டிராய் அவர்களுக்கு நோட்டீசு அனுப்பிற்று. மற்றவரின் வேகம் இதனால் எவ்வளவு குறையும் என்று எந்த விளம்பரத்திலும் ஒரு வரி கூட இல்லை.

கம்பெனியார் பக்கத்து வாதத்தையும் பார்ப்போம். கம்பியின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு, சினிமாப் பார்க்கிறவன் ஒருவன் நூறு பேரின் இடத்தை அடைத்துக்கொள்ளுகிறான், யாரையாவது கட்டுப்படுத்தித்தானே ஆக வேண்டும் என்கிறார்கள். கட்டுப்படுத்துங்கள், அளவைக் கொண்டு கட்டுப்படுத்துங்கள். தபாலாபீசில் எடைக்குத் தகுந்த தலை ஒட்டச் சொல்லுகிறார்கள். காதல் கடிதத்துக்கு ஒரு தலை, கடன் பத்திரத்துக்கு ஒரு தலை என்று உறையைக் கிழித்துப் பார்த்துச் சொல்லுவதில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு ஜிபி, அதற்கு மேல் வேகம் குறையும் என்று முன்கூட்டிச் சொல்லி, எல்லாச் சரக்குக்கும் ஒன்றுபோல் குறைத்தால் அதில் பாரபட்சம் இல்லை. ஆனால் அதற்கு "அன்லிமிடெட்" என்று பேர் வைத்தால் பித்தலாட்டம் வந்துவிடுகின்றது. நாள் அளவு தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ் வேகத்தில் விடுவதை எல்லையற்றது என்று விற்பவன், தேரை வடமின்றி விட்டுவிட்டு ஓடுகிறது என்று சொல்லுகிறவனுக்குச் சமானம். வீட்டுக் கம்பி இணைப்புகளில் இப்படிக் குறைத்தாலும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாதென்று 2016-ல் டிராய் சொல்ல வேண்டி வந்ததிலிருந்தே நிலைமை தெரியும்.

இப்பொழுது வேறு ஒரு பல்லவியும் கேட்கின்றது. கூகுள், நெட்பிளிக்ஸ் முதலிய பெரிய கம்பெனிகள் நமது கம்பியில் ஏராளமான சரக்கை அனுப்புவதால் அவர்கள் கம்பிக்காரர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று கம்பெனியாரின் சங்கத்தார் கேட்கிறார்கள். அந்தப் பெரிய கம்பெனிகளிடத்தில் நமக்கு உறவும் இல்லை, அபிமானமும் இல்லை. ஆனால் அந்தச் சரக்கை வரவழைக்கிறவர் சந்தாதாரர். அவர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார். ஒரே மூட்டைக்கு ஏற்றுகிற இடத்திலும் கூலி, இறக்குகிற இடத்திலும் கூலி கேட்டால், கொடுக்கிற பெரிய முதலாளி அதை நம் தலையில்தான் போடுவான். கொடுக்க முடியாத சிறு தளத்தாரின் கதி என்ன ஆகும் என்பதை மேலேயே சொல்லிவிட்டோம்.

கம்பெனியார் மாத்திரமல்ல, சர்க்காரும் இதே திருகைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். காஷ்மீரத்தில் 2019 ஆகஸ்டில் இன்டர்நெட்டை அடியோடு நிறுத்தினார்கள். 2020 ஜனவரி 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, காலவரையின்றி நிறுத்தக் கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று சொல்லிற்று. அதே மாதக் கடைசியில் இன்டர்நெட்டைத் திரும்பக் கொடுத்தார்கள்; 2ஜி வேகத்தில். 4ஜி திரும்ப வந்தது 2021 பிப்ரவரியில். நடுவில் கொரோனா வந்து போயிற்று. டாக்டர்கள் சிகிச்சைக் குறிப்பை இறக்கிப் படிக்க முடியாமல் திண்டாடினார்கள். பிள்ளைகளின் வகுப்பு படமும் பேச்சும் இன்றிப் போயிற்று. கேட்டால் இன்டர்நெட் கொடுத்திருக்கிறோமே என்ற பதில் கையில் தயாராயிருந்தது. சோறு போடுகிறேன் என்று சொல்லி நாளைக்கு ஒரு பருக்கை வீதம் போடுவது பட்டினி போடுவதில் சேர்த்தியா, விருந்தில் சேர்த்தியா?

அமெரிக்காவில் 2018-ல் காலிபோர்னியாக் காடு பற்றி எரிந்தபோது, தீயணைப்புப் படையார் தங்கள் கட்டளை வண்டியில் வைத்திருந்த இணைப்பை, அளவு தீர்ந்துவிட்டதென்று வெரைசன் கம்பெனியார் இருநூறில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்துவிட்டார்கள். படையார் கேட்டதற்கு, அதிக விலைத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். பிறகு, அவசர காலத்தில் குறைப்பதில்லை என்பதே தங்கள் வழக்கம், வாடிக்கையாளர் பிரிவில் நேர்ந்த தவறு என்று சமாதானம் சொன்னார்கள். காடு சமாதானத்துக்குக் காத்திருக்கவில்லை. இது அளவைப் பற்றிய குறைப்பே ஒழியச் சரக்கின் தினுசைப் பற்றியதல்ல என்பது வாஸ்தவம். என்றாலும் திருகு ஒரு தனி முதலாளியின் கையில் இருந்தால் எந்தச் சமயத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இது போதும்.

நமது விதியைக் காப்பதற்கு, சர்க்கார், கம்பெனியார், பொது ஜனங்கள் எல்லோரும் கலந்த ஒரு மன்றம் வேண்டும், அது சோதித்துப் பார்க்க வேண்டும், புகார்களை விசாரிக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் டிராய் சிபார்சு செய்தது. அந்தச் சிபார்சு எழுதிய நாள் தொட்டு, ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு வைத்து அப்படி ஒரு மன்றம் கணக்குக் கேட்டதாக நமது பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. எனவே மன்றம் வருகிற வரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. சோதனை செய்கிற கருவி நமது கையிலேயே இருக்கின்றது.

டிராய் வெளியிட்டிருக்கும் மைஸ்பீட் என்ற செயலி மொத்த வேகத்தைக் காட்டும். அது நல்லதே, ஆனால் பரீட்சை அதிகாரி வருகிற அன்றைக்கு மாத்திரம் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிற வாத்தியாரைப்போல், சோதனைக்கு நல்ல வேகத்தைக் காட்டிவிட்டு மற்றச் சமயத்தில் திருகிக்கொள்ள ஒரு கம்பெனியால் முடியும். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் சர்வகலாசாலையார் வீஹி என்ற செயலியைச் செய்திருக்கிறார்கள். அதன் யுக்தி வெகு எளிது. ஒரு தளத்தின் படத்தை உள்ளபடியே ஒரு தடவை வரவழைக்கும். அதே அளவுச் சரக்கை, இன்னதென்று யந்திரத்துக்கு அடையாளம் தெரியாதபடி கலைத்துப்போட்டு மறு தடவை வரவழைக்கும். அடையாளம் தெரிந்தபோது மெதுவாகவும், தெரியாதபோது வேகமாகவும் வந்தால், நடுவில் ஒருவன் முகத்தைப் பார்த்து நிறுத்துகிறான் என்பது தானே ருசுவாகின்றது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகளை வைத்து 2019-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், அமெரிக்கக் கைப்பேசிக் கம்பெனிகள் படச் சரக்கை நெரிசல் நேரத்தில் மாத்திரமல்லாமல் இராப் பகல் எந்நேரமும் குறைத்து வந்தது வெளியாயிற்று. நெரிசல் என்று சொன்ன சாக்கு அதோடு போயிற்று.

புகார் செய்கிற முறையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் கம்பெனியின் புகார் எண்ணுக்குச் சொல்லிப் பதிவு நம்பரை வாங்கிக் குறித்துக்கொள்ள வேண்டும். நம்பர் இல்லாத புகார் காற்றில் சொன்ன புகார். பதில் திருப்தியில்லையானால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். டிராய் தனி மனிதர் புகாரை விசாரிப்பதில்லை. அதற்கு மேல் ஜில்லா நுகர்வோர் கமிஷன் இருக்கின்றது. டெலிபோன் வழக்கெல்லாம் அங்கே செல்லாது என்று கம்பெனி வக்கீல்கள் வெகு காலம் சொல்லி வந்தார்கள். செல்லும் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கமிஷனுக்குப் போகிறவன் கையில் ருசு வேண்டும். ஆகையால் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் படிப்பகம் நடத்துகிற தோழர்கள், ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். தேதி, மணி, எந்தக் கம்பெனி, எந்தத் திட்டம், எந்தத் தளம், அடையாளம் தெரிந்தபோது என்ன வேகம், தெரியாதபோது என்ன வேகம், புகார் நம்பர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இராத்திரி ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் நடுநிசி இரண்டு மணிக்கும் ஒரு தடவை சோதித்து எழுத வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு ஊரும் தூங்கிக்கொண்டிருக்கும். கூட்டம் என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது.